ஊற்றைச் சுத்தம் பண்ணிய நாள்

எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கொஞ்சகாலம் வேலை செய்தேன். லீவு நாளில் மகா ஓயா ஆறு கடலில் விழும் இடத்துக்கு நடந்து போவேன். கலங்கல் தண்ணீர், பிளாஸ்டிக் போத்தல், நுரை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவனிடம், இதில் எங்கள் வீட்டுத் தண்ணீரும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியானால் எடுத்துக்கொண்டு போ என்றான்.

அந்தத் தண்ணீர் தொடங்கும் இடம் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை. பாறை இடுக்கில் ஒரு குழாய் சொருகியிருக்கும். முன்பு மூங்கில், பிறகு பிளாஸ்டிக். எதைச் சொருகினாலும் நாங்கள் அதைப் பீலி என்றுதான் சொல்லுவோம். பீலிக்கு மேலே கொஞ்சம் ஏறினால் ஒரு பெரிய மருத மரம். அதன் வேருக்கடியிலிருந்து தண்ணீர் ஊறி வருகிறது. பீலியில் விழுந்து, லயத்துக்குப் பயன்பட்டு, மிச்சம் கான் என்கிற வாய்க்கால் வழியாக இறங்கி, கீழே சிங்களக் கிராமத்து வயலைத் தாண்டி, ஓயாவாகிப் போகிறது. பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அது ஆறு. எங்களுக்குக் குளிக்க, குடிக்க, உடுப்புத் துவைக்க.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். எம்பிலிப்பிட்டியவில் வாழைக்குலை லொறி ஏற்றினேன். வரக்காப்பொலவில் ஒரு பலகாரக் கடையில் எள்ளு வறுத்தேன். எங்கேயும் நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கால் ஒரு இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் கண்டி ரோட்டில் பஸ்ஸில் போய்வந்து கொண்டிருந்ததால் ஒன்றைப் பார்த்தேன். காணி விற்கும் போர்டுகள். பச்சைப் புல்லும் சிவப்புக் கூரையும் சிரிக்கிற குடும்பமும் போட்ட போர்டுகள். முதலில் நிட்டம்புவப் பக்கம் நின்றன. அடுத்தமுறை நான் ஊருக்கு வந்தபோது வரக்காப்பொலவைத் தாண்டியிருந்தன. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் வீடு கட்ட இடம் தேடி ரோட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் எங்கேதான் போவார்கள்.

ஒருமுறை வந்தபோது போர்டு எங்கள் தோட்டத்து வாசலில் நின்றது.

மேல் மலையில் ரப்பர் மரத்துக்கு வயதாகிவிட்டது என்று பிடுங்கியிருந்தார்கள். புதுக்கன்று வைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சிவப்புப் பெயின்ட் அடித்த எல்லைக் கட்டைகள் வந்தன. நான் போர்டைப் படித்தேன். 'இயற்கை நீரூற்றுடன்' என்று சிங்களத்தில் போட்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"யாரு நீரூத்து?" என்றாள்.

"நம்ம பீலிதான்."

அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "வா, காட்டுறேன்" என்று மேலே கூட்டிப்போனாள். மருத மரத்துக்கு ஒரு கல்லெறி தூரத்தில் கடைசிக் கட்டை நின்றது. காட்டுச்சேம்பையும் தாழையையும் விலக்கிக்கொண்டு அக்கா அதைப் பார்த்தாள்.

"இந்தா, இதுல ஒருத்தன் வீடு கட்டுறான்னு வச்சுக்க. கக்கூஸ் குழி எங்க வெட்டுவான்?"

குழி வெட்டினால் எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். மாணிக்கக் குழியில் வேலை செய்தவனுக்கு மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நடக்கும் என்பது கொஞ்சம் தெரியும்.

அக்காவுக்கு அப்போதுதான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணி கிடைத்து, பீலிக்குக் கீழே சின்ன வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வேறு இடத்திலும் காணி காட்டினார்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று அவள்தான் பிடிவாதமாக இதைக் கேட்டு வாங்கினாள். பெறுமாதத்திலும் இரண்டு வாளி தூக்கி நடந்தவள். அந்த வீட்டுக்குக் குழாய் போட்டு, அடுப்படியில் நின்றபடியே தண்ணீர் திறப்பதுதான் அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே வசதி. ஊற்று கெட்டால் வீடு இருந்தும் இல்லாத கணக்கு.

"நீதான் சிங்களம் நல்லாப் பேசுவியே. ஊர் சுத்துனதுக்கு ஒரு பிரயோசனமாச்சும் இருக்கட்டும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறினாள். தோட்டத்துக் கந்தோரில், மேல் மலை இப்போது எங்களுடையது இல்லை என்றார்கள். பிரதேச சபையில், தோட்டத்துக் காணி எங்களுக்குக் கீழே வராது என்றார்கள். கேகாலையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். யாரும் ஏசவில்லை. நாற்காலிகூடக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு மேசையில் ஒரு இளம் பெண் இருந்தார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"ஊற்றைச் சுற்றிக் காடு இருக்கிறதா?" என்று கேட்டார்.

"உள்ளே போகவே முடியாது மிஸ், அவ்வளவு காடு" என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்தது. ஆற்றுக்குத் தலையாக இருக்கிற ஊற்று என்றால் அதைச் சுற்றி நல்ல அகலத்துக்கு நிலத்தை ஒதுக்கச் சொல்ல வழி இருக்கிறது என்றார். தானே வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனால்தான் எழுத முடியும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். வெளியே வந்ததும் அக்கா எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தாள். எனக்கு அவள் எதுவும் வாங்கித் தந்து வருடக்கணக்காகியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. அந்த மிஸ் காலில் மெல்லிய செருப்பு போட்டிருந்தார். அந்தத் தாழம்புதருக்குள் எப்படி இறங்குவார்? அக்காவிடம் சொன்னேன். "ஆமாடா, அட்டையும் கெடக்கும்" என்றாள்.

லயத்தில் செய்தி பரவிவிட்டது. கேகாலையிலிருந்து பெரிய ஆள் வந்து பார்க்கப் போகிறார். அதைக் கேட்டதும் கங்காணி மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கங்காணி வேலையிலிருந்து நின்று கனகாலம். ஆனாலும் பத்துப் பேர் கூடினால் அவர் குரல் காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக் களத்துக் குரலாகிவிடும்.

"எப்ப வர்றாங்க?"

"செவ்வாக்கெழம."

"அப்ப ஞாயித்துக்கெழம எல்லாரும் கத்தியோட வாங்க. காடாக் கெடக்கு. இதப் பாத்தா என்னா நெனப்பாங்க? இவனுகளே பராமரிக்கல, இவனுகளுக்கு எதுக்குத் தண்ணின்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச அதில் எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் துரை வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை. புல்லு வெட்டவேண்டும். கான் துடைக்கவேண்டும். ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். காடாகக் கிடக்கிறது என்பதுதான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வாங்கிய பெரிய ஏச்சு. ஒரு மலை புல்லேறிக் கிடந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம். ஆகவே ஒருவர் வந்து பார்க்கும் இடம் மொட்டையாக இருந்தால்தான் எங்களுக்கு மானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வருடக்கணக்காக லயத்து ஆட்கள் சேர்ந்து ஒரு வேலை செய்யவில்லை. முக்கால்வாசிப் பேர் கொழும்பில் கடைகளிலும் கார்மென்ட்டிலும் இருந்தார்கள். அன்று வந்திருந்தார்கள். அக்காவின் கணவர், மச்சான், தாழையை வெட்டி வெட்டிப் பள்ளத்தில் எறிந்தார். பெண்கள் பெரணியை வேரோடு பிடுங்கினார்கள். பாறையில் பாசியை இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், அடியில் கல்லு வெள்ளையாகத் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் நண்டு ஓடியது. ஊற்றிலிருந்து பீலி வரைக்கும் தண்ணீர் தன்பாட்டுக்கு வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்ததை, கங்காணி மாமா கயிறு பிடித்து நேர்கானாக வெட்டச் சொன்னார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் வேதக்காரர், கோயிலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை ஒரு வாளியில் கரைத்துக்கொண்டு வந்தார்.

"என்னாங்க, மாதா கோயில் சுண்ணாம்ப இங்க கொண்டாந்துட்டீங்க? மாதா கோவிச்சுக்கப் போகுது" என்றார் கங்காணி மாமா.

"மாதாவுக்குப் பூச்சாடியில ஊத்துறதும் இந்தத் தண்ணிதான்யா. நீங்க கல்ல நேரா வைங்க, கோணலா இருக்கு."

"நான் வச்ச கல்லு கோணலா? நாப்பது வருசம் ரோட்டுக்குக் கல்லு வச்சவன்யா."

"அதனாலதான் பஸ்ஸு வராம நின்னுச்சு" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். கங்காணி மாமாவும் சிரித்துவிட்டு, மச்சான் கையிலிருந்த கத்தியை வாங்கி, விட்டுப்போன இளம் மருதங்கன்றுகளைத் தானே அடியோடு சீவினார். பெரிய மருதமரத்தை வெட்டவில்லை. அதற்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தோம். கடைசியாக அக்கா லயத்து வேலியிலிருந்து நாலு குரோட்டன் குச்சி உடைத்துக்கொண்டு வந்து ஊற்றின் இரண்டு பக்கமும் நட்டாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

"பங்களா மாதிரி இருக்குல்ல?" என்றாள். அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

செவ்வாய்க்கிழமை மிஸ் வந்தார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், முழங்கால் வரைக்கும் உயரமான ரப்பர் சப்பாத்து. காட்டுக்குள் இறங்க ஆயத்தமாக வந்திருக்கிறார். காணி விற்கிற கம்பெனியின் ஆளும் கூட வந்தார். சுத்தமாக உடுத்திய, மரியாதையாகப் பேசுகிற இளைஞர்.

மிஸ் பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"கவுத மே கெப்புவே?" என்றார். யார் இதை வெட்டியது?

"நாங்கதான் மிஸ்" என்று கங்காணி மாமா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். "நீங்க வர்றீங்கன்னு எல்லாருமாச் சேந்து செஞ்சோம்."

மிஸ் குந்தி உட்கார்ந்து ஒரு தாழம் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காடு இருக்கிறது என்றீர்களே?"

"இருந்துச்சு மிஸ்."

"எங்கே?"

பள்ளத்தில் குவிந்து கிடந்ததைக் காட்டினேன். இலைகள் அதற்குள் வாடிக் கறுத்துப் போயிருந்தன. அவர் அந்தக் குவியலையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

கம்பெனி ஆள் மெதுவாகச் சொன்னார். "மிஸ், இது தோட்டத்துக்காரர்கள் லயத்துக்காகக் கட்டிய தண்ணீர்க் கான். எவ்வளவு நேராக இருக்கிறது, பாருங்கள்." அவர் பொய் சொல்லவில்லை. கயிறு பிடித்து வெட்டிய கான், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரித்தான் இருந்தது.

மிஸ் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வருடம் முழுக்க ஈரத்தில் நிற்கிற மரம், செடி, பாசி, அதில் இருக்கிற பூச்சி, இதையெல்லாம் பார்த்துத்தான் இது இயற்கை ஊற்று, இவ்வளவு அகலத்துக்கு இதன் இடம் என்று எழுதமுடியும். தண்ணீர் வருகிறது என்று எழுதுகிறேன். மரத்தைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் மேலதிகாரிகள் படத்தைத்தான் பார்ப்பார்கள், படத்தில் இது தோட்டம் போட்ட இடம் மாதிரி இருக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். ஏச்சு பழகியது.

நான் தமிழில் சொல்ல முதலே கங்காணி மாமாவுக்கு விளங்கிவிட்டது. அவர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், நாங்க திரும்ப வளத்துத் தர்றோம். மழை பெஞ்சா வந்துரும். அதுவரைக்கும் எழுதாம வச்சிருக்க ஏலுமா?"

மிஸ் கம்பெனி ஆளைப் பார்த்தார். கம்பெனி ஆள் தரையைப் பார்த்தார். "என்னால் அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது மாமா" என்றார் மிஸ். மாமா என்றுதான் சொன்னார்.

போகும்போது கம்பெனி ஆள் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டு, இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்களே, மேலே இருக்கிற காணித் துண்டுகளையும் துப்புரவு பண்ண வருவார்களா என்று கேட்டார். நையாண்டி பண்ணவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அன்று மாலை அக்கா குரோட்டன் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தாள்.

கடைசியில் ஒதுக்கச் சொன்னது ஒரு கானுக்கு ஒதுக்குகிற அளவு, இரண்டு பக்கமும் சில அடி. மருத மரம் அதற்குள் வந்தது. மரத்தின் வேர் வரவில்லை. அதற்கு மேலே ரோட்டு வெட்ட, மண் தோண்டுகிற பெக்கோ வந்தது. முதல் மழைக்குப் பீலியில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. அக்கா பழைய சீலையை நாலாக மடித்துக் குழாயில் கட்டினாள். சீலை கனத்துத் தொங்கியது. அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டினாள்.

ரோட்டு மண் சரியாமல் கல் அணை கட்ட ஆள் எடுத்தார்கள். மச்சான் போனார். வேறு வேலை இல்லை, கூலியும் தோட்டத்தைவிடக் கூட. முதல் நாள் காலையில் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தை மாட்டினார். அக்கா சோற்றைக் கட்டி, தண்ணீர்ப் போத்தலையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"மாப்புள, நீயும் வர்றியா?" என்று மச்சான் என்னைக் கேட்டார்.

நான் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டேன். அங்கே போனாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். இங்கே இருந்தாலும் ஆகப்போவதில்லை.

இந்தமுறை திரும்பி வந்தபோது மேல் மலையில் வீடுகள். நீலக் கூரை, சிவப்புக் கூரை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. ஒவ்வொருவரும் குழாய்க்கிணறு அடித்திருக்கிறார்கள். அக்காவின் வீடு பூசி முடிந்துவிட்டது. அடுப்படியில் தண்ணீர் டெப் இருக்கிறது, பளபளப்பாக. திறந்தால் காற்று வரும். பீலியில் கைவிரல் அளவு விழுகிறது, வெயில் காலத்தில் அதுவும் சொட்டாகிவிடும். அப்போது பிரதேச சபைத் தண்ணீர் பவுசர் வருகிறது, வரும் நாளில்.

ஊற்றைச் சுற்றிக் காடு திரும்பிவிட்டது. தாழை, சேம்பு, பெரணி எல்லாம். அக்கா யாரையும் கத்தியோடு அந்தப் பக்கம் விடுவதில்லை. கங்காணி மாமா மாலையில் பாறையில் வந்து உட்காருகிறார். பேச்சுக்கு நடுவில் அவர் கை தானாகப் பக்கத்துப் புல்லைப் பிடுங்கும்.

"மாமா, கை" என்பாள் அக்கா.

அவர் புல்லை அங்கேயே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்வார்.

அந்த மிஸ்ஸுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக ஒருவர் இருக்கிறாராம். "இப்ப கூட்டியாந்து காட்டுவோமா?" என்று நான் கேட்டேன். "எதக் காட்ட?" என்றாள்.

நேற்று நாங்கள் வாளி நிரம்பக் காத்திருந்தபோது மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் கேன். நீலக் கூரை வீட்டுக்காரி. அவள் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்றாள். காணி விற்கும்போது இங்கே தண்ணீருக்குக் குறையே இல்லை என்று சொன்னார்களாம், போர்டிலும் போட்டிருந்தார்களாம். வங்கிக் கடன் இன்னும் பாதிகூடக் கட்டவில்லையாம். பாறையையும் குழாயையும் பார்த்துவிட்டு, "அக்கே, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அக்கா அவள் வந்த பாதையைக் கையால் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டினாள்.

"இவகிட்ட என்னான்னு சொல்றது" என்று அக்கா என்னிடம் தமிழில் சொன்னாள். பிறகு பாதி நிரம்பிய தன் வாளியை நகர்த்திவிட்டு, அவள் கேனை வாங்கிப் பீலிக்கடியில் வைத்தாள். அது நிரம்ப வெகுநேரம் எடுத்தது. பிள்ளை அழத் தொடங்கியது. அக்கா அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளையோடு அவளால் தூக்க முடியாது என்று கேனை நான் தோளில் வைத்து மேலே ஏறினேன். மச்சான் கட்டிய கல் அணையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். கல்லெல்லாம் நேராக இருந்தது.